ஜெயராணி டீச்சர் போட்ட தோட்டம்

அந்தச் செய்தியை எனக்குச் சொன்னது ஜெயராணி டீச்சரின் கணவர் அந்தோணி அண்ணன்தான். சிதம்பரத்தில், அண்ணாமலை நகரில், மகள் வீட்டில் காலை இட்லிக்கு மாவைக் கரைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்தால் ஆண் குரல். "தமிழ் டீச்சருங்களா? நான் அந்தோணி. ராணி போயிட்டா டீச்சர். காபி போட்டுக் குடுத்துட்டு நாக்காலியில ஒக்காந்தா. அவ்ளோதான், எழுந்திரிக்கல."

அவருக்குக் கண் தெரியாது. எங்கள் எல்லோருடைய எண்களையும் டீச்சர் அவருக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். முதல் போன் எனக்குத்தான் என்று பிறகு தெரிந்தது. பெங்களூரில் இருக்கும் மகனுக்குக்கூட அதற்கு அடுத்துத்தான் பேசியிருக்கிறார். மகன் வண்டி ஓட்டிக்கொண்டு வரவேண்டியவன், சொல்வதற்குக் கொஞ்சம் தைரியம் சேர்த்துக்கொண்டேன் என்றார்.

கடலூரில் எங்கள் பெண்கள் பள்ளியில் ஜெயராணி டீச்சரோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவரிடம் புவியியல் படித்து இன்று எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். அவரை வகுப்பில் பார்த்த யாருக்கும் மறந்திருக்காது. வெயில் காலத்தில் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப்போய் ஒரு சவுக்குக் கழியை நட்டு, நிழல் நகர்வதைப் பார்க்க வைப்பார். "புஸ்தகத்துல இருக்கிற சூரியன் வேற, ஒங்க வீட்டு மேல இருக்கிற சூரியன் வேற. ஒங்க சூரியன பாருங்க" என்பார். ஆனால் அவருடைய பெரிய வேலை பள்ளிக்கு வெளியே, மஞ்சக்குப்பத்தில் அவர் வீட்டுக்குப் பின்னால் நடந்தது. அதை முழுதாகப் பார்த்தவர்கள் குறைவு. நான் பார்த்தேன். அதனால் நான்தான் சொல்ல வேண்டும்.

அந்தோணி அண்ணன் அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். கடலூர் - சிதம்பரம் தடத்தில் பல வருடம். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். கை காட்டினால் நிறுத்துவார், பிள்ளைத்தாய்ச்சி ஏறினால் பள்ளம் பார்த்து ஓட்டுவார் என்று பெயர். சர்க்கரை நோய் கண்ணில் வந்து இறங்கியது. மதுரை வரை போய்ப் பார்த்தும் பயனில்லை. 2004 மார்கழியில் கடல் பொங்கி வந்தபோது ஊரே செத்தவர்களைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த மாதத்தில்தான் அவருக்கு இருந்த கடைசி வெளிச்சமும் போனது. இவ்வளவு பெரிய சாவுக்கு நடுவில் ஒருவர் கண்ணைப் பற்றி விசாரிக்க யாருக்கும் தோன்றவில்லை. டீச்சரும் யாரிடமும் சொல்லவில்லை.

அதன்பிறகு அண்ணன் வீட்டைவிட்டு வெளியே வருவதை நிறுத்திக்கொண்டார். கையில் கோலை ஊன்றிக்கொண்டு தெருவில் நடந்தால், தன் வண்டியில் போனவர்களெல்லாம் பார்ப்பார்கள் என்பது அவர் எண்ணம். முன்னறையில் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். மருத்துவர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். நடக்காவிட்டால் அடுத்து கால் போகும் என்றும் சொல்லியிருந்தார்.

அவர்கள் வீடு மேற்குப் பார்த்தது. பின்னால் கிழக்கே நீளமாக ஒரு காலி இடம். அகலம் அதிகமில்லை. உடைந்த செங்கல், பயன்படாத தண்ணீர்த் தொட்டி, காட்டாமணக்கு, ஓரமாக ஒரு பலா மரம், ஒரு வேம்பு. டீச்சரின் கூடப்பிறந்த அண்ணன்மார்கள் அங்கே இரண்டு வீடு கட்டி வாடகைக்கு விடச் சொன்னார்கள். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே ஒரு தோட்டம் போடப்போவதாகச் சொன்னார். யாருக்காக என்று சொல்லவில்லை. அண்ணன்மார்களுக்குக் கோபம். கண் தெரியாதவர் வீட்டுக்குத் தோட்டம் எதற்கு என்று ஒருவர் கேட்டே விட்டார். அதன்பிறகு அவர்கள் வருவது குறைந்துபோனது.

தோட்டம் போடப்போகிறேன் என்று சொன்னவர் ஒரு செடிகூட வைக்காமல் ஒரு வருடம் சும்மா இருந்தார். சும்மா இருந்ததாக நாங்கள் நினைத்தோம். குப்பையை அகற்றித் தரையைச் சமன் செய்ததோடு சரி. காலையும் மாலையும் பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். மழைக்காலத்தில் குடையோடு இறங்கி, தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார். சித்திரை வெயிலில் வேம்பின் நிழல் எதுவரை வருகிறது, மார்கழியில் எதுவரை போகிறது என்று பார்ப்பார். நான் ஒருநாள் மரிக்கொழுந்து நாற்று கொண்டுபோய்க் கொடுத்து, வீட்டின் பின்சுவர் ஓரமாக வைக்கலாமே என்றேன். சிரித்தார். "கடல் காத்து மதியத்துக்கு மேல கெழக்கேருந்து வரும் டீச்சர். செவுத்தோரமா வச்சா வாசன தெருவுக்குத்தான் போவும். தூரத்துல வைக்கணும். அப்பதான் இங்க ஒக்காந்திருக்கிறவருக்கு வந்து சேரும்" என்றார். அப்போதுதான் எனக்கு விஷயம் கொஞ்சம் புரிந்தது.

முழுதாகப் புரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. டீச்சர் சர்ச்சில் பூசைக்குப் போயிருப்பார், திரும்பியிருப்பார் என்று நினைத்துப் போனேன். முன்னறையில் அண்ணன் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் பின்னால் இருப்பதாகச் சொன்னார். நான் பின்வாசலுக்குப் போனேன். டீச்சர் தரையில் கிடந்தார். முழங்காலில் ரத்தம். கண்ணை ஒரு கறுப்புத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

ஓடிப்போய்த் தூக்கினேன். துணியை அவிழ்க்கப் போன என் கையைப் பிடித்துத் தடுத்தார். "இருங்க, எங்க விழுந்தேன்னு தெரியணும்" என்று தரையைத் தடவிப் பார்த்தார். ஒரு வேர் மேலே எழும்பியிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்து, பிறகுதான் கட்டை அவிழ்த்தார். பல வாரமாக இப்படிச் செய்கிறாராம். அண்ணன் தூங்கும்போதும், ரேடியோவில் செய்தி போகும்போதும். "நடக்கப்போறது அவரு. எங் கண்ண வச்சிப் பிளான் போட்டா எப்பிடி?" என்றார். அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். முப்பது வருடம் தமிழ்ப் பாடம் நடத்தியவள் நான். அன்பைப் பற்றி எத்தனையோ செய்யுள்களுக்குப் பொருள் சொல்லியிருக்கிறேன். அன்று அந்த முழங்காலுக்கு மஞ்சள் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, வெகுநேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த பொங்கலுக்குப் பிறகு வேலை தொடங்கியது. கொத்தனார் ஒருவரை வைத்துப் பாதை போட்டார். பின்வாசலில் இறங்கியதும் சிமெண்டுத் தளம். கொஞ்ச தூரத்தில் அது முடிந்து குத்தாக நிறுத்திய செங்கல் வரிசை. அதன்பிறகு கெடிலம் ஆற்று மணல். கடைசியில் கூழாங்கல். செருப்பில்லாத காலுக்கு எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளத்தை மூடவில்லை. அதை இன்னும் கொஞ்சம் ஆழப்படுத்தி, சேம்பும் கல்வாழையும் வைத்து, பாதையை மட்டும் உயர்த்தினார். சிமெண்டு முடியும் இடத்தில் துளசியும் கற்பூரவல்லியும். செங்கலுக்குப் பக்கத்தில் கறிவேப்பிலை, எலுமிச்சை. மணலுக்கு நடுவில் நித்தியமல்லிப் பந்தல். பலா மரத்தைத் தாண்டி வாழை. கிழக்கே, காற்று வரும் பக்கம், என் மரிக்கொழுந்து. மதிலை ஒட்டி ஒரு வரிசை சவுக்கு. அது எதற்கு என்று கேட்டேன். காற்றில் சவுக்கு இரைந்துகொண்டே இருக்கும், அந்தச் சத்தம் கிட்டத்தில் கேட்டால் மதில் வந்துவிட்டது, திரும்ப வேண்டும் என்று அர்த்தம் என்றார்.

செடிகள் தலையெடுக்கும் வரை அண்ணனிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. அண்ணனும் கேட்கவில்லை. ஒருநாள் சமையல் நடுவில், தாளிக்கப் போகிறேன், கை ஓயவில்லை, பின்னால் போய்க் கறிவேப்பிலை பறித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் கொஞ்ச நேரம் அசையவில்லையாம். பிறகு எழுந்து போயிருக்கிறார். டீச்சர் அடுப்பை அணைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து, பின்னால் எட்டிப் பார்க்காமலே நின்றிருக்கிறார். பார்த்தால் ஓடிப்போய்க் கையைப் பிடித்துவிடுவோம் என்று பயமாக இருந்தது என்று என்னிடம் சொன்னார். வெகுநேரம் கழித்து அண்ணன் வந்தார். கையில் கறிவேப்பிலை இருந்தது. கறிவேப்பிலைச் செடி செங்கல் பக்கத்திலேயே இருக்க, அவர் காலெல்லாம் மணலாக இருந்தது. கொடுத்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "செங்கல்லு முடிஞ்சி மணலு வருதே, அந்த எடம் ஆலப்பாக்கம் ரோடு மாதிரி இருக்கு. அப்பிடித்தான் ஒரு தூக்கு தூக்கிப் போடும்."

அன்றிலிருந்து, அவர் பஸ் ஓட்டிய தடத்து ஊர்ப் பெயர்படி, அந்த இடத்துக்கு ஆலப்பாக்கம் என்று பெயர். மல்லிப் பந்தல் புதுச்சத்திரம். பலா மரம் பி.முட்லூர். சவுக்கு வரிசை சிதம்பரம். காலையில் ஒரு டிரிப், மாலையில் ஒரு டிரிப் என்று போய்வந்தார். நாங்கள் யாராவது போனால், "டீச்சர் முட்லூர்ல நிக்கிறாங்க, போயி பாருங்க" என்பார். அவருடைய சர்க்கரை இறங்கியது. முன்னறை ரேடியோ பின்வாசலுக்கு இடம் மாறியது.

நான் ஓய்வு பெற்றபோது என்னை வழியனுப்பும் விருந்தை டீச்சர் தன் தோட்டத்தில் வைத்தார். பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். பிரியாணி முடிந்து சவுக்குப் பக்கம் நாற்காலி போட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது பொழுது சாய்ந்தது. கரண்ட் போனது. அந்தக் காலத்து மின்வெட்டு எல்லோருக்கும் தெரியும். தெருவே இருண்டது. தெரியாத இடம், பக்கத்தில் தண்ணீர்ப் பள்ளம் வேறு. எங்களில் ஒருவரும் நாற்காலியை விட்டு எழவில்லை. அப்போது அண்ணன் தன்பாட்டுக்கு எழுந்தார். "எல்லாரும் டிக்கெட் எடுத்தாச்சா? ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் தோளப் புடிச்சிக்கிட்டு வாங்க" என்றார். கண் உள்ள நாங்கள் அத்தனை பேரும் வரிசையாக அவர் பின்னால் நடந்தோம். கூழாங்கல், மணல், செங்கல் என்று ஒவ்வொன்றாகக் காலுக்கு வந்தது. மல்லி வாசனை வந்து போனது. வழியில் ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். வரிசையின் கடைசியில் டீச்சர் வந்தார். பின்வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றியபோது அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு மனுஷி இவ்வளவு பெருமையோடும் இவ்வளவு அமைதியாகவும் நின்று நான் பார்த்ததில்லை.

பிறகு, 2011 கடைசியில், 'தானே' புயல் வந்தது. நான் அதற்குள் சிதம்பரத்துக்கு மகள் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தேன். சிதம்பரத்திலேயே அடி பலம் என்றால் கடலூரைக் கேட்க வேண்டாம். பஸ் ஓடத் தொடங்கியதும் முதல் வேலையாகப் போனேன். வழி நெடுகச் சவுக்கும் பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்தன. வீட்டுக்குள் அண்ணன் மறுபடியும் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். டீச்சர் என்னைப் பின்னால் அழைத்துப் போனார். அங்கே தோட்டம் என்று எதுவும் இல்லை. பலா மரம் பாதைக்குக் குறுக்கே விழுந்திருந்தது. சவுக்கு வரிசை மதிலையும் சேர்த்துச் சாய்த்திருந்தது. பந்தல் அடுத்த வீட்டுக் கூரையில் கிடந்தது. வேம்பு மட்டும் கிளையெல்லாம் முறிந்து நின்றது.

புயல் ஓய்ந்ததும் அண்ணன் பின்வாசலில் வந்து நின்று, என்ன இருக்கிறது என்று கேட்டாராம். டீச்சர் பொய் சொல்லவில்லை. ஒன்றும் இல்லை என்றார். அதை நம்பாமல் அவர் இறங்கியிருக்கிறார். நடந்து பழகிய வேகத்தில் போனவர் நெஞ்சில் பலா மரம் இடித்தது. அதைத் தடவிப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தவர்தான். சாப்பாட்டுக்குக்கூடக் கூப்பிட்டால்தான் எழுகிறார் என்றார் டீச்சர். கூடவே இன்னொன்றையும் சொன்னார். தனக்கு இதயத்தில் வால்வு சுருங்கியிருக்கிறது, கனமான வேலை எதுவும் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அண்ணனுக்கும் அது தெரியும். எனக்கு அன்று அழுகை வந்துவிட்டது. இனி இங்கே என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். டீச்சர் அந்தப் பலா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போனார். நானும் பின்னால் போனேன்.

டீச்சர் அண்ணன் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்னங்க, தோட்டத்த மறுபடியும் போடணும். இந்த தடவ நான் போடல. நீங்க போடுங்க" என்றார்.

அண்ணன் மரம் இடித்த நெஞ்சைத் தடவிக்கொண்டார். பிறகு, "கண்ணு தெரியாதவன் என்னத்த போடறது" என்றார்.

"கண்ணு தெரிஞ்சவ போட்டது போயிடுச்சே. நீங்கதான் தெனம் நடந்தீங்க. எங்க என்ன வேணும்னு ஒங்களுக்குத்தான் தெரியும்."

"ஒனக்குந்தான் தெரியும். கண்ண கட்டிக்கிட்டு விழுந்து எழுந்தியே. ரேடியோ பாடினா எனக்கு வேற எதுவும் கேக்காதுன்னு நெனச்சியா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையசைத்தேன். அத்தனை வருடமும் அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு முறை டீச்சர் விழுந்ததையும் உள்ளே உட்கார்ந்து கேட்டிருக்கிறார். அவர் மறைக்க விரும்பினார் என்பதால் இவரும் மறைத்திருக்கிறார். டீச்சர் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் காபி போடப் போவதாகச் சொல்லி எழுந்துவிட்டேன்.

அந்த மாசி, பங்குனி முழுதும் மாதம் இரண்டு முறையாவது நான் கடலூருக்குப் போனேன். பார்க்கத்தான் போனேன். அண்ணன் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து நடந்து பாதையைச் சொல்வார். ஆட்கள் சுண்ணாம்பு தூவுவார்கள். டீச்சர் வேம்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பழைய தோட்டத்தின் குறைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மல்லிப் பந்தலின் குறுக்குக் கழி தினமும் அண்ணன் நெற்றியில் இடித்திருக்கிறது. சொல்லவேயில்லை. நீ உயரமாகப் போட்டதாக நினைத்துச் சந்தோஷமாக இருந்தாய், எதற்குச் சொல்வது என்றார். டீச்சர் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாதை நேராகப் போய்ச் சட்டென்று மடங்குவதும் அவருக்குப் பிடித்ததில்லை. "பஸ்ஸு இப்பிடி ஒடிஞ்சி திரும்பாது ராணி. வளைஞ்சி வரணும்" என்றார். புதிய பாதை வளைந்தே போனது. விழுந்த பலா மரத்தை அறுத்து எடுக்க விடவில்லை. கிளைகளை மட்டும் கழித்து, பாதையோரமாகப் புரட்டிப் போடச் சொன்னார். நடக்கும்போது இடக்கை அதன்மேல் வழுக்கிக்கொண்டே போக வேண்டும் என்றார். செடிகளெல்லாம் கையெட்டும் உயரத்தில். குழாய், வாளி, மண்வெட்டி எல்லாவற்றுக்கும் நிலையான இடம். டீச்சர் பக்கத்தில் இல்லாவிட்டாலும் அவர் ஒருவரே பார்த்துக்கொள்ளக்கூடிய தோட்டம் அது. அதை அவர்கள் இருவரும் பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. நான் இருக்கும்போது பேசவில்லை.

ஆனால் நிழலையும் தண்ணீரையும் டீச்சர் அவரிடம் ஒவ்வொன்றாக ஒப்படைத்ததை நான் கேட்டேன். எந்த மாதத்தில் எத்தனை மணிக்கு எந்த இடத்தில் வெயில் விழும், முகத்தில் சூடு பட்டால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம், மழை நின்ற பிறகு எவ்வளவு நேரத்தில் பள்ளம் வடியும். வகுப்பில் பேசும் அதே குரல். அவர் திருப்பிச் சொல்வார். தப்பாகச் சொன்னால் டீச்சர் விடமாட்டார்.

இறந்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது மதியம். முன்னறையில் டீச்சரைக் கிடத்தியிருந்தார்கள். வீட்டில் இடமில்லாமல் சனங்கள் தெருவெயிலில் நின்றார்கள். பழைய மாணவிகள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அண்ணன் தலைமாட்டில் நின்றிருந்தார். என் குரல் கேட்டதும் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு மகனைக் கூப்பிட்டார். "மணி மூணு ஆயிடுச்சா? வீட்டு நெழலு பின்னாடி எறங்கியிருக்கும். நாக்காலிய அங்க போடு. வந்தவங்க வெயில்ல நிக்க வேணாம்" என்றார். போய்ப் பார்த்தோம். தோட்டத்தில் பாதிவரை நிழல் இறங்கியிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் அங்கே உட்கார்ந்தார்கள். கல்லறைக்கு எடுக்கும் நேரம் வரை அந்த இடத்தில் வெயில் வரவில்லை.

மகன் அவரைப் பெங்களூருக்கு அழைத்தான். அங்கே எனக்கு வழி தெரியாது என்று சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மற்றதை அவரே பார்த்துக்கொள்கிறார்.

முப்பதாம் நாள் பூசைக்குப் போயிருந்தேன். முடிந்ததும் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். அவர் முன்னால் நடக்க நான் பின்னால் போனேன். வாழை குலை தள்ளியிருந்தது. வேம்பு துளிர்த்திருந்தது. வேம்புக்கு அப்பால், பாதை வளைகிற இடத்தில், நாலு பேர் உட்காரும் அளவுக்கு ஒரு இடம் வெறுமனே கிடந்தது. புல் மட்டும் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் ஏதாவது வைத்திருக்க, இங்கே ஏன் எதுவும் வைக்கவில்லை என்று கேட்டேன்.

"அது அவளுக்கு. பிளான் போடும்போது ஒனக்கு என்ன வேணும்னு கேட்டேன். அதுவரைக்கும் நான் அதக் கேட்டதே இல்ல டீச்சர். ரொம்ப நேரம் யோசிச்சா. ஒண்ணும் வைக்காதீங்க, நான் சும்மா ஒக்காரணும்னா."

உட்கார்ந்தாரா என்று கேட்டேன்.

"ரெண்டு மூணு தடவ ஒக்காந்தா. அப்பறம் ஏதாவது வேல வந்துடும்."

ஜெயராணி டீச்சரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டு வந்த பொருள் எதுவும் இல்லை. அவர் கொடுத்த பாடம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவு பெரிதாக நான் எதையும் செய்யப்போவதில்லை. அந்த வெறும் இடம்தான் என்னிடம் இருக்கிறது. சிதம்பரத்தில் துணி துவைக்கும்போதும், பேத்தியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பும்போதும் அது கண்ணுக்கு முன்னால் வருகிறது.

அன்று நான் கிளம்புவதாகச் சொன்னேன். கடைசி வெயில் மதில்மேல் இருந்தது. அண்ணன் அந்தப் புல்லைக் கையால் காட்டினார்.

"பஸ்ஸு இருக்கு, அவசரமில்ல. அவளுக்குப் பதிலா கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டுப் போங்க."

உட்கார்ந்தேன்.